திண்ணையில் நிற்கும் அஞ்சல்: அண்ணன் பிள்ளைகளின் மின்னஞ்சலைச் சீர்செய்த பதிவு

சித்திரையில் தொடங்கிய இந்த வேலை ஆடி பிறந்த பிறகுதான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. சோமனூருக்கு அருகே விசைத்தறி ஓட்டும் என் அண்ணனுக்குப் பத்தாம் வகுப்புக்குப் போகும் மகளும் எட்டாம் வகுப்புக்குப் போகும் மகனும் இருக்கிறார்கள். இருவருக்கும் வேண்டாத மின்னஞ்சலே வராதபடி செய்து கொடுப்பதாகச் சொல்லித்தான் அவர்களின் அத்தையான நான் இதை எடுத்துக்கொண்டேன். அது நடக்கவில்லை, வேண்டாத அஞ்சல் இன்றும் வருகிறது. ஆனால் அது எங்கே வந்து நிற்கிறது, யார் கண்ணில் பட்ட பிறகு உள்ளே போகிறது, மிரட்டலாக ஒன்று வந்தால் பிள்ளை முதலில் யாரிடம் போகிறது என்பவை மாறியிருக்கின்றன. இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்குப் பயன்படும் என்பதால், செய்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். காலை முதல் இரவு வரை மின்னஞ்சல்தான் என் வேலை. நூல் கொடுப்பவரின் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, எங்கள் பழைய உரையாடலின் தொடர்ச்சியைப் போலவே எழுதி, "பழைய வங்கிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்த முறை பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்பவும்" என்று கேட்கும் அஞ்சல்கள் எங்கள் தொழிலில் புதிதல்ல. அவற்றை நம்பிப் பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கணக்கு எண் மாறியதாக எந்த அஞ்சல் வந்தாலும், அந்த அஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்புவது எங்கள் அலுவலகத்தின் விதி. பெரியவர்களுக்கே இத்தனை காவல் வேண்டியிருக்கும்போது, பிள்ளைகளின் இன்பாக்ஸை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை என்பது ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில்தான் எனக்கு உறைத்தது.

முதல் தேவை ஒரு கணினி. வரும் அஞ்சலைத் தானாகப் பிரித்து ஒதுக்கும் வடிகட்டியை ஜிமெயிலின் கைபேசிச் செயலியில் உருவாக்க முடியாது. கணினியில் உலாவியைத் திறந்துதான் அதைச் செய்ய வேண்டும். திருப்பூரில் ஒரு கடையில் பழைய லேப்டாப் ஒன்றை 8,500 ரூபாய்க்கு வாங்கி, அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 1,700 ரூபாய்க்கு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டேன். தண்டர்பேர்ட் என்ற இலவச அஞ்சல் மென்பொருளையும் அதில் நிறுவினேன். மற்றபடி 80 பக்க நோட்டு ஒன்றும் பென்சிலும் போதுமானவையாக இருந்தன.

எதையும் மாற்றுவதற்கு முன், வந்து குவிந்திருந்தவற்றைப் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டே நோட்டில் வகை பிரித்தோம். பிள்ளைகள் தாங்களே பதிவு செய்த விளையாட்டு, சதுரங்கம், பாடப் பயிற்சித் தளங்களிலிருந்து வருபவையே பெரிய குவியல். அவை தொல்லையே தவிர ஆபத்தில்லை. யாரென்றே தெரியாத கடைகளும் கோச்சிங் மையங்களும் அனுப்பியவை அடுத்த குவியல். மூன்றாவது, ஆசை காட்டுபவையும் அவசரப்படுத்துபவையும்: விளையாட்டுக்கு இலவச வைரங்கள், பார்சல் நிற்கிறது, கணக்கு 24 மணி நேரத்தில் மூடப்படும், அரசின் இலவச லேப்டாப்புக்கு உடனே பெயர் கொடுக்கவும் என்ற வகை. தமிழ்நாட்டு அரசு 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டம் பள்ளிகளின் வழியாகவே மாணவர்களுக்கு வந்தது. மின்னஞ்சலில் சுட்டி அனுப்பி யாரும் பெயர் கேட்கவில்லை என்று எடுத்துச் சொன்னதும் மருமகனுக்கு அந்த அஞ்சலின் பொய் விளங்கியது. நான்காவது குவியல் சிறியது, பிள்ளைகள் பார்க்கக்கூடாத படங்களைக் காட்டி அழைப்பது. அதைப் பிரிக்கும்போது மருமகள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அந்தக் குவியலை நான் தனியாகவே பார்த்து முடித்தேன். இப்படிப்பட்டவை வந்ததற்கு அவள் எந்த வகையிலும் காரணமில்லை என்று அன்று இரவே அவளிடம் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் பின்னால் நடந்த பல நல்லவை நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இந்த முகவரிகள் வெளியே போனது எப்படி என்று தேடியதில் இரண்டு வழிகள் தெரிந்தன. முழு முகவரியையும் மேற்கோள் குறிகளுக்குள் இட்டுக் கூகுளில் தேடியபோது, ஒரு போட்டியில் கலந்துகொண்டவர்களின் பட்டியல் பிடிஎஃப் கோப்பாகக் கிடைத்தது. பெயர், வகுப்பு, பெற்றோரின் கைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் அதில் திறந்தே கிடந்தன. 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே வரையறுத்து, அவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டும் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டி, பணிவாக ஒரு கடிதம் எழுதினேன். அமைப்பாளர்கள் கோப்பை நீக்கிவிட்டார்கள். ஏற்கெனவே அள்ளப்பட்டவை திரும்பி வரப்போவதில்லை என்றாலும், அந்தப் பட்டியலில் இருந்த மற்றப் பிள்ளைகளுக்காகவும் அதைச் செய்ய வேண்டியிருந்தது. இரண்டாவது வழி முகவரியின் வடிவமே. 2020இல் ஆன்லைன் வகுப்புக்காக அவசரமாகத் தொடங்கிய கணக்குகள் அவை. பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டும் சேர்த்து முகவரி அமைந்திருந்தது. பார்க்கிற எவருக்கும் வயது தெரிந்துவிடும்.

அதே அவசரத்தில் வேறொன்றும் நடந்திருந்தது. 13 வயதுக்குக் குறைந்தவர் தாமாகக் கூகுள் கணக்குத் தொடங்க முடியாது என்பதால், யாரோ இருவருக்கும் 1990களின் பிறந்த தேதியைக் கொடுத்திருந்தார்கள். இதனால் கூகுள் இவர்களைப் பெரியவர்களாகவே நடத்திவந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விருப்பங்களைப் பின்தொடரும் விளம்பரங்களைக் காட்டுவதில்லை என்றும், தேடலில் பாதுகாப்பு வடிகட்டியை இயல்பாகவே போட்டுவைப்பதாகவும் அந்த நிறுவனம் 2021இல் அறிவித்தது. பொய்த் தேதியால் அந்த இரண்டும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. இருவரும் இப்போது 13 வயதைக் கடந்துவிட்டதால் உண்மையான தேதியைப் போட்டதும் சிக்கலின்றி ஏற்றுக்கொண்டது. 13 நிரம்பாத பிள்ளையாக இருந்தால் இந்த இடத்தில் கவனம் வேண்டும்: தேதியைத் திருத்தியதும் பெற்றோரின் மேற்பார்வையைச் சேர்க்கச் சொல்லிக் கெடு கொடுப்பார்கள், சேர்க்காவிட்டால் கணக்கு முடங்கும், எனவே அந்த மேற்பார்வைக்கான ஃபேமிலி லிங்க் செயலியைத் தயாராக வைத்துக்கொண்டே கை வைக்க வேண்டும்.

கணக்கை மீட்பதற்கான கைபேசி எண்ணாக என் அப்பாவின் எண் இருந்தது. வீட்டிலேயே பல ஆண்டுகளாக மாறாத எண் அது ஒன்றுதான் என்பதால் அதைக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா யார் கேட்டாலும் மரியாதையாகப் பதில் சொல்லும் பழக்கமுள்ளவர். ஓடிபி வந்தால் கேட்டவருக்குப் படித்துக் காட்டிவிடுவார். அந்த எண்ணை எடுத்துவிட்டு அண்ணியின் எண்ணைப் போட்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, கூகுள் கொடுக்கும் எட்டு இலக்க மாற்றுக் குறியீடுகள் பத்தையும் இரண்டு பிரதி அச்செடுத்து, ஒன்றை வீட்டுப் பத்திரம் வைக்கும் பெட்டியிலும் மற்றொன்றை என்னிடமும் வைத்தோம். கைபேசியிலும் கணினியிலும் ஜிமெயில் அமைப்புகளுக்குள் போய், வெளியிலிருந்து வரும் படங்களைக் கேட்ட பிறகே காட்டும்படி மாற்றினேன். படத்தை இழுத்து வரும்போது அஞ்சல் திறக்கப்பட்டது என்ற செய்தி அனுப்பியவருக்குப் போகக்கூடும் என்பது ஒரு காரணம். பார்க்கக்கூடாத படம் பிள்ளையின் முகத்துக்கு நேரே விரியாது என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம்.

அடுத்து, நபர்களுக்கு ஒரு முகவரி, தளங்களுக்கு ஒரு முகவரி என்று பிரிக்க முயன்றேன். ஜிமெயில் முகவரியில் பெயருக்குப் பின் கூட்டல் குறியிட்டு ஒரு சொல்லைச் சேர்த்தாலும் அஞ்சல் அதே பெட்டிக்கு வந்து சேரும்; எந்தத் தளம் முகவரியை விற்றது என்று அந்தச் சொல்லைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பல தளங்கள் கூட்டல் குறியைப் பிழை என்று தள்ளிவிட்டன. பிள்ளைகளுக்கும் எந்தத் தளத்துக்கு எந்தச் சொல்லைக் கொடுத்தோம் என்பது நினைவில் நிற்கவில்லை. அதை விட்டுவிட்டு, பிறந்த ஆண்டோ பள்ளிப் பெயரோ இல்லாத புதிய முகவரி ஒன்றைப் பள்ளிக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் மட்டும் என்று வைத்து, பழைய முகவரியைத் தளங்களுக்கென்று ஒதுக்கினோம். இந்த ஏற்பாடு எளிது, இன்றும் நிற்கிறது.

பழைய முகவரியில்தான் நான் முதலில் கடுமையாக நடந்தேன். ஜிமெயில் வடிகட்டியில் அனுப்புநர் கட்டத்துக்குள் ஒரு கழித்தல் குறியிட்டு, அதை ஒட்டி நெளிவு அடைப்புக்குறிக்குள் அறிந்த முகவரிகளை இடைவெளி விட்டு எழுதினால், அவற்றைத் தவிர மற்ற எல்லா அஞ்சலையும் அது பிடிக்கும். பிடித்தவற்றை நீக்கிவிடும்படி அமைத்தேன். இன்பாக்ஸ் அன்றைக்கே வெறிச்சோடிப்போனது, அண்ணனுக்கும் மகிழ்ச்சி. ஆனால் மருமகள் பெயர் கொடுத்திருந்த அறிவியல் போட்டி ஒன்றின் உறுதிப்படுத்தும் சுட்டி, முன்பின் வராத ஒரு முகவரியிலிருந்து வந்து, நேராகக் குப்பைக்குப் போய், கெடு முடிந்த பிறகே எங்கள் கண்ணில் பட்டது. கடவுச்சொல்லை மாற்றக் கேட்டால் வரும் அஞ்சல்களுக்கும் அதே கதி நேர்ந்தது. குப்பையில் விழுந்தது 30 நாட்களுக்குப் பிறகு தானாகவே அழிந்துவிடும் என்பதால், இன்னும் எவை போயின என்பதற்குக் கணக்கே இல்லை.

அதைவிட முக்கியமான விளைவு வேறு. மருமகனின் கைபேசியில் கணக்குகளின் பட்டியலைத் திறந்தபோது நான் அறியாத மூன்றாவது முகவரி ஒன்று இருந்தது. வைரங்களுக்கான பரிசுப் போட்டியின் அஞ்சல் வருவதில்லை என்று நண்பனின் உதவியோடு அவன் தொடங்கியது அது. அதில் நான் போட்ட காவல் எதுவும் இல்லை, வயதும் மறுபடி பொய். அவனைக் கோபிக்க எனக்கு நியாயம் இருக்கவில்லை. வாசலைச் சுவர் வைத்து அடைத்தால் பிள்ளை பின்பக்கமாக வழி கண்டுபிடிக்கும். அப்போது அவன் எங்கே போகிறான் என்பதும் நமக்குத் தெரியாமல் போகும். "சாமி, இதை மூட வேண்டாம், இதையும் சேர்த்தே சரிசெய்வோம்" என்று சொன்னபோது அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்த பிறகு, நீக்கும் வடிகட்டியை அன்றே எடுத்துவிட்டேன்.

இப்போது ஓடுவது அடுத்து அமைத்தது. எங்கள் பக்கத்தில் முன்பின் அறியாதவர் வீட்டுக்கு வந்தால் விரட்டுவதில்லை; திண்ணையில் அமரவைத்துத் தண்ணீர் கொடுத்து, யார் எவர் என்று கேட்ட பிறகே வீட்டின் உள்கூடமான ஆசாரத்துக்குள் அழைப்பார்கள். அதே முறையில், அறிந்தவர் தவிர்த்த அஞ்சலைப் பிடிக்கும் அதே வடிகட்டியை வைத்துக்கொண்டு, நீக்குவதற்குப் பதிலாக இன்பாக்ஸைத் தவிர்த்துத் 'திண்ணை' என்ற லேபிளின் கீழ் வைக்கும்படி மாற்றினேன். ஆண்ட்ராய்டு செயலியில் ஒவ்வொரு லேபிளுக்கும் தனித்தனியாக அறிவிப்பை வைக்கவும் எடுக்கவும் முடியும்; திண்ணைக்கு அறிவிப்பு இல்லை, இன்பாக்ஸுக்கு மட்டும் உண்டு. படிக்கும் நேரத்தில் கைபேசி மணியடிப்பது இதனாலேயே பெருமளவு குறைந்தது. திண்ணையைப் பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பூட்டு எதுவும் இல்லை. அதிலுள்ள எதையும் அழுத்துவது மட்டும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது.

இந்த வடிகட்டியை அமைக்கும் திரையில் 'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எதுவும் தவறிப்போய்விடக் கூடாதே என்று நான் அதிலும் டிக் போட்டேன். கூகுள் தானாகவே ஸ்பேம் என்று ஒதுக்கிவந்த அத்தனையும், நான்காவது குவியலில் இருந்த வகை உட்பட, திண்ணைக்கு வந்து நிறைந்தன. அந்த டிக்கை எடுத்த பிறகே வரத்து அடங்கியது. இதை அமைப்பவர்கள் அந்தக் கட்டத்தைத் தொடவே வேண்டாம். அறிந்தவர்களின் முகவரிக்குத் தனியாக ஒரு வடிகட்டி போட்டால் அங்கே மட்டும் அந்த டிக் பொருந்தும்.

வடிகட்டி அடைக்காத இரண்டு ஓட்டைகள் பின்னால் தெரிந்தன. பள்ளி ஆசிரியர்கள் கோப்புகளைக் கூகுள் டிரைவில் பகிர்வதால், அந்த அறிவிப்புகள் வரும் கூகுள் முகவரியை அறிந்தவர் பட்டியலில் வைத்திருந்தேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருவன் தன் மோசடிக் கோப்பைப் பகிர்ந்தாலும் அறிவிப்பை அனுப்புவது கூகுள்தான். ஆகவே டிரைவ் அறிவிப்புகளைப் பட்டியலிலிருந்து எடுத்து, ஆசிரியர்களின் பெயர் உள்ளடக்கத்தில் இருந்தால் மட்டும் இன்பாக்ஸுக்கு வரும்படி செய்தேன். மற்றொன்று நாட்காட்டி. அழைப்பு என்ற பெயரில் அனுப்பினால் அது அஞ்சலைத் தாண்டி நேராக நாட்காட்டியில் போய் உட்கார்ந்துகொண்டு, நேரம் வந்ததும் நினைவூட்டலாக ஒலிக்கிறது. கூகுள் நாட்காட்டியின் அமைப்பில், அனுப்புநர் அறிந்தவராக இருந்தால் மட்டும் சேர்க்கும் தெரிவு ஒன்று உண்டு. அதைப் போட்டதும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மாலை திண்ணையைக் காலி செய்யும் நேரம். அன்று பனியன் கம்பெனிக்கு விடுமுறை என்பதால் நான் போய்விடுவேன். முடியாத வாரம் அண்ணி பார்ப்பார். லேப்டாப்பில் தண்டர்பேர்டைத் திறந்து, அஞ்சலை வெறும் எழுத்தாகக் காட்டும்படி வைத்துப் படிக்கிறோம். வண்ணப் பொத்தானும் முத்திரையும் போய்விட்டால், அவசரப்படுத்தும் அஞ்சலின் பாதிப் பலம் போய்விடுகிறது. பெயரைப் பார்க்காமல் முழு முகவரியைப் பார்ப்பது, முகவரியில் வலக்கோடியிலிருந்து தொடங்கி உரிமையாளர் யார் என்று படிப்பது, ஆங்கிலத்தின் 'எம்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நிற்கின்றனவா என்று பார்ப்பது ஆகியவற்றை எங்கள் அலுவலகப் பழக்கத்திலிருந்து கற்றுக்கொடுத்தேன். இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் இணைய முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்திருந்ததால், வங்கியின் பெயரில் வரும் சுட்டிகளைப் பிரித்தறிவது இனிப் பிள்ளைகளுக்கும் எளிதாகும்.

அதன் பிறகு, தாங்களே பதிவு செய்த தளம் என்றால் சந்தாவை நிறுத்துகிறோம்; ஜிமெயிலில் 2025 ஜூலையில் வரத் தொடங்கிய சந்தா நிர்வாகப் பக்கம் இதற்கு மிகவும் வசதி. யாரென்று தெரியாதவர் அனுப்பியதில் சந்தா நிறுத்தும் சுட்டி இருந்தாலும் அதைத் தொடுவதில்லை, முகவரி உயிரோடு இருக்கிறது என்று காட்டிவிடக்கூடும் என்பதால் ஸ்பேம் என்று மட்டும் குறிக்கிறோம். ஏமாற்றிக் கடவுச்சொல் கேட்பதென்றால் ஃபிஷிங் என்று புகார் செய்கிறோம். ஒவ்வொரு முகவரியாகத் தடை செய்வதில் நேரம்தான் போகிறது. அவர்கள் மறுநாள் வேறு முகவரியில் வருகிறார்கள். மருமகளுக்கு ஆர்வம் அதிகம் என்பதால் மூல அஞ்சலைக் காட்டும் பக்கத்தில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவையும் பார்க்கக் கற்றுக்கொண்டாள். மூன்றும் தேறியிருந்தும் ஓர் அஞ்சல் மோசடியாக இருந்ததைக் கண்டு முதலில் திகைத்தாள். அந்த முகவரியிலிருந்துதான் வந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. முகவரிக்குச் சொந்தக்காரன் நல்லவனா என்று அந்தச் சோதனை சொல்லாது.

திரையில் சொல்லிக்கொடுப்பதைவிடக் காகிதம் நன்றாக வேலை செய்தது. நல்லதும் கெட்டதுமாகச் சில அஞ்சல்களை அச்செடுத்து, அவசரப்படுத்தும் சொல்லை வட்டமிடவும் முகவரியை அடிக்கோடிடவும் பென்சிலைக் கொடுத்தேன். முன்னறிவிப்பின்றிப் பொய் அஞ்சல் அனுப்பிச் சோதிக்கலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. வீட்டிலிருப்பவர்களே ஏமாற்றிப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்துவிட்டால், உண்மையாக ஏமாறும்போது நம்மிடம் வராது. காகிதத்தில் மருமகன் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடித்தான். இருவருமே தவறவிட்டது நண்பனின் பெயரில், நண்பனின் உண்மையான முகவரியிலிருந்தே வருவது போல எழுதிய ஒன்றை. அதற்குத்தான் எங்கள் அலுவலகத்தின் விதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்: பணமோ கடவுச்சொல்லோ ஓடிபியோ படமோ கேட்டு யார் பெயரில் அஞ்சல் வந்தாலும், முன்பே வைத்திருக்கும் எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்க வேண்டும்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் இரவு மருமகள் என்னை அழைத்தாள். "அத்தை, ஒரு மெயில் வந்திருக்குதுங்க. அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றாள். அவளுடைய கேமரா வழியாக அவளைப் படம் பிடித்துவிட்டதாகவும், பிட்காயினில் பணம் அனுப்பாவிட்டால் தெரிந்தவர்கள் அனைவருக்கும் அனுப்பப்போவதாகவும் எழுதியிருந்தது. அதில் அவள் முன்பு பயன்படுத்திய கடவுச்சொல்லும் இருந்தது. அவளை நடுங்கவைத்தது அதுதான். கடவுச்சொல் தெரிந்தவனுக்கு மற்றதும் தெரிந்திருக்கும் என்று அவள் எண்ணியதில் வியப்பில்லை. எங்கேயோ ஒரு தளத்திலிருந்து கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரே அஞ்சலை எண்ணற்றவர்களுக்கு அனுப்பும் வழக்கமான மோசடி இது என்று விளக்கினேன். 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தில் அவளுடைய பழைய முகவரியைக் கொடுத்துப் பார்த்தோம். அவள் முன்பு கணக்கு வைத்திருந்த ஒரு தளத்தின் கசிவில் அது இருந்தது. பதில் எழுதவில்லை, பணம் அனுப்பவில்லை, அஞ்சலை அழிக்காமல் ஒரு பிரதி எடுத்துவைத்தோம், அந்தக் கடவுச்சொல் மிச்சமிருந்த இடங்களில் எல்லாம் மாற்றினோம். பிறகு ஒன்றும் வரவில்லை.

இந்த முறை படம் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் வழி உண்டு என்பதை அவளிடம் அன்றே சொன்னேன். பயத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். ஒன்றிய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அங்கே பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படம் பரவும் என்ற அச்சம் இருந்தால், 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை படத்தை நம் கருவியிலிருந்து வெளியே அனுப்பாமலே அதன் எண்ம அடையாளத்தை மட்டும் எடுத்து, அதில் பங்கேற்கும் சமூக வலைத்தளங்களில் அந்தப் படத்தைத் தடுக்க உதவுகிறது. இந்த நான்கையும் ஓர் அட்டையில் எழுதி, லேமினேட் செய்து, லேப்டாப் பையில் வைத்திருக்கிறோம்.

அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. சேர்ந்தே சொல்வோம் என்றேன். அண்ணனின் முதல் பேச்சு கைபேசியை வாங்கி வைத்துவிடலாம் என்பதாகவே இருந்தது. தறி ஓடும் வீட்டில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் மனிதருக்கு வேறு வழி தெரியாததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அஞ்சலைக் காட்டியதற்குக் கைபேசி போகும் என்றால் அடுத்த அஞ்சலை அவள் காட்டமாட்டாள் என்று நெடுநேரம் பேசினேன். கடைசியில், எந்த அஞ்சலைக் காட்டினாலும், அதைத் தவறி அழுத்திவிட்டிருந்தாலும், அதற்காகத் திட்டுவதோ கைபேசியைப் பிடுங்குவதோ இல்லை என்று நோட்டின் முதல் பக்கத்தில் அண்ணனே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் மருமகன், தான் முன்பே ஒருமுறை பரிசுச் சுட்டியில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டதைச் சொன்னான். அதுவரை நான் போட்டிருந்த எந்த வடிகட்டியும் அதைக் காட்டியிருக்கவில்லை.

செலவு லேப்டாப்பும் எஸ்எஸ்டியும் சேர்த்து 10,200 ரூபாய். அச்சு, லேமினேஷன், நோட்டு எல்லாம் 200 ரூபாய்க்குள் முடிந்தன. மென்பொருளுக்குச் செலவே இல்லை. வீட்டில் ஏற்கெனவே கணினி இருந்தால் இதை ஏறக்குறைய செலவின்றிச் செய்யலாம். வாரத்துக்கு அரை மணி நேரம் உட்காரும் பொறுமைதான் தொடர்ந்து தேவைப்படுவது. தேர்வுக் காலத்தில் அது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாராபுரத்தில் இருக்கும் என் தங்கையின் மகளுக்குப் பத்து வயது. அவளுக்கும் பள்ளியில் மின்னஞ்சல் கேட்கிறார்கள். இந்த முறை வரிசையை மாற்றப்போகிறேன். கையெழுத்துப் போடும் பக்கம் முதலில், கணக்கு அதன் பிறகு. உண்மையான பிறந்த தேதியோடு ஃபேமிலி லிங்க் வழியாகத் தங்கை பெயரில் மேற்பார்வை இருக்கும்; அந்தச் செயலி பிள்ளையின் அஞ்சலைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டாது என்பதால் திண்ணையும் ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயும் வேண்டும். முகவரிக்கு அவள் பெயரோ ஆண்டோ இல்லாத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்படி அவளிடமே விட்டிருக்கிறேன். இரண்டு முகவரிகளையும் முதல் நாளே தொடங்கி, போட்டிப் படிவங்களில் எதைக் கொடுக்க வேண்டும் என்பதை அட்டையில் எழுதி அவளுடைய பள்ளி டைரியில் ஒட்டிவிடும்படி தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.